அணுகல் மேலாண்மை மென்பொருள் வாங்கப் போகிறீர்களா? வேலையை விட்டுப் போனவரை வைத்துச் சோதித்துப் பாருங்கள்

நிறுவனத்தில் யார் எந்த மென்பொருளுக்குள், எந்த சர்வருக்குள் போகலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்களை விற்பவர்கள் டெமோவில் ஏறக்குறைய ஒரே காட்சியைத்தான் காட்டுவார்கள். புதிதாகச் சேர்ந்த ஊழியருக்கு ஒரே கிளிக்கில் மெயில், சாட், கோடு ரெப்போ (நிரல்களைச் சேமித்து வைக்கும் இடம்) எல்லாம் திறந்துவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அனுமதி கிடைக்காத ஊழியர் தானே வந்து கேட்பார், யாராவது கொடுத்தும் விடுவார்கள். போன வருடம் விலகியவரின் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று யாரும் வந்து புகார் செய்யப் போவதில்லை. அதனால் இந்த வகை மென்பொருள் அனுமதியை எப்படிக் கொடுக்கிறது என்பதைவிட, எப்படித் திரும்ப எடுக்கிறது என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் ரான்சம்வேர் (கணினிகளை முடக்கிப் பணம் பறிக்கும்) தாக்குதலால் எரிபொருள் குழாயையே நிறுத்த வேண்டி வந்தது. ஊடுருவியவர்கள் நுழைந்த வழி வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் வருவதற்கான ஒரு பழைய விபிஎன் கணக்கு. அது புழக்கத்தில் இருந்திருக்கவே கூடாது, ஆனால் மூடப்படவில்லை. இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பும் கிடையாது, வெறும் கடவுச்சொல்தான். நிறுவனம் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், பிணைத்தொகையாகக் கொடுத்தது.

முதலில், எந்தக் கடைக்குப் போகிறோம் என்று தெரிய வேண்டும்

புதியவர்கள் குழம்புவது இங்கேதான். ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் மூன்று வகை மென்பொருள்கள் ஏறக்குறைய ஒரே விளம்பர வாசகத்தோடு விற்கப்படுகின்றன.

முதல் வகை லாகின் பார்த்துக்கொள்வது. ஓக்டா, மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி (2023 வரை அஷூர் ஏடி என்று இருந்ததுதான்), ஓப்பன் சோர்ஸில் கீகிளோக். நீங்கள் யார் என்று சரிபார்த்து, ஒரே லாகினில் எல்லாவற்றையும் திறக்கும் சிங்கிள் சைன்-ஆன் (எஸ்எஸ்ஓ) மூலம் மற்ற செயலிகளுக்குள் அனுப்பும். இது உங்களிடம் ஏற்கெனவே இருக்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் முதலில் இதைச் செய்யுங்கள். இது இல்லாமல் அடுத்த இரண்டையும் வாங்குவது பணத்துக்குக் கேடு.

இரண்டாவது ஐடென்டிட்டி கவர்னன்ஸ், சுருக்கமாக ஐஜிஏ. யாருக்கு என்ன அனுமதி இருக்கிறது, யார் ஒப்புதல் கொடுத்தார்கள், இன்னும் தேவையா, ஒரே ஆளிடம் சேரக்கூடாத இரண்டு அனுமதிகள் சேர்ந்திருக்கின்றனவா என்ற கணக்கு வழக்கு இதன் வேலை. சேல்பாயின்ட், சவியன்ட், ஒன் ஐடென்டிட்டி போன்றவை இதில் பழம்பெருச்சாளிகள். ஓக்டாவும் மைக்ரோசாஃப்ட்டும் தங்கள் லாகின் சேவையோடு சேர்த்து விற்கும் கவர்னன்ஸ் பகுதிகளும் உண்டு. ஓப்பன் சோர்ஸில் குறிப்பிட்டுச் சொல்லத்தக்கது மிட்பாயின்ட்.

மூன்றாவது, சர்வர், டேட்டாபேஸ், குபர்நெட்டிஸ் (பல சர்வர்களில் செயலிகளை ஓட்டும் அமைப்பு) போன்ற உள்கட்டமைப்புக்குள் போகும் வாசல். சைபர்ஆர்க், பியாண்ட்டிரஸ்ட், டெலினியா ஆகியவை கடவுச்சொல் பெட்டகம் போன்ற பழைய வழியில் வளர்ந்தவை. டெலிபோர்ட், ஸ்ட்ராங்டிஎம், ஹாஷிகார்ப்பின் பவுண்டரி ஆகியவை டெவலப்பர்களை மனதில் வைத்துப் பிறகு வந்தவை.

ஆடிட்டர் கேட்பது பெரும்பாலும் இரண்டாவது. தாக்குதல் நடக்கும்போது வலிப்பது மூன்றாவது. "எல்லாம் எங்களிடமே இருக்கிறது" என்று ஒரே நிறுவனம் சொன்னால், அதில் எந்தப் பகுதியை அவர்களே எழுதினார்கள், எதை வேறொரு நிறுவனத்தை வாங்கி ஒட்டவைத்தார்கள் என்று கேளுங்கள். ஒட்டவைத்ததாக இருந்தால் இரண்டு அட்மின் திரை, இரண்டு லாக், இரண்டு சப்போர்ட் டீம் என்று இழுபடும்.

டெமோவுக்கு முன் ஒரு கணக்கெடுப்பு

இதற்கு ஸ்பிரெட்ஷீட் போதும். ஆள், எந்த இடத்தில் கணக்கு, என்ன அனுமதி, யார் கொடுத்தது, கடைசியாக எப்போது பயன்படுத்தப்பட்டது என்று ஐந்து நெடுவரிசைகள். எச்ஆர் பட்டியல், லாகின் சேவையின் பயனர் பட்டியல், கிளவுட் கணக்குகள், சர்வர்களில் உள்ள லோக்கல் கணக்குகள், டேட்டாபேஸ் பயனர்கள் எல்லாவற்றையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் பயன்படுத்தினால், பயனர் அனுமதிகளுக்கான ஐஏஎம் பகுதியில் கிரெடென்ஷியல் ரிப்போர்ட் என்று ஒன்றை இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு பயனரும் கடைசியாக எப்போது கடவுச்சொல் போட்டு நுழைந்தார், அவருடைய ஆக்சஸ் கீ (நிரல்கள் நுழையப் பயன்படும் சாவி) கடைசியாக எப்போது பயன்பட்டது என்று அதில் வந்துவிடும்.

பொருந்தாத வரிகள் நிறைய வரும். முக்கியமாக ஒப்பந்த ஊழியர்கள். பல நிறுவனங்களில் அவர்கள் எச்ஆர் மென்பொருளிலேயே இருக்க மாட்டார்கள்; பில் அக்கவுண்ட்ஸுக்குப் போகும், அத்தோடு சரி. ஐஜிஏ மென்பொருள்கள் பெரும்பாலும் எச்ஆர் பட்டியலையே மூல ஆதாரமாக எடுத்துக்கொள்வதால், அதில் இல்லாத ஆளை விலகியவராகக் குறிக்க வழியே இல்லாமல் போகும். ஒப்பந்த ஊழியரின் கடைசி நாளை யார், எங்கே பதிவு செய்வார்கள் என்பதை மென்பொருள் வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். இந்த ஓட்டையை எந்த மென்பொருளும் தானாக அடைத்துத் தராது.

அப்படியே ஒரு பழைய லினக்ஸ் சர்வருக்குள் போய் ஆத்தரைஸ்டு கீஸ் என்ற, யாரை உள்ளே விடலாம் என்ற சாவிப் பட்டியல் கோப்பைத் திறந்து பாருங்கள். வரிக்கு ஒரு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் முறை) சாவி இருக்கும். அர்த்தமில்லாத நீளமான எழுத்துக் குவியல், அதன் வாலில் யாரோ ஒருவரின் பெயர், ஒரு லேப்டாப்பின் பெயர். சில வரிகளில் அதுவும் இருக்காது. அந்த வால் குறிப்பை நம்ப வேண்டாம், சாவியை உருவாக்கியவர் அதில் எதையும் எழுதியிருக்கலாம். எஸ்எஸ்எச் கீஜென் கட்டளையால் ஒவ்வொரு சாவியின் ஃபிங்கர்பிரிண்டை (சுருக்க அடையாளத்தை) எடுத்து, சர்வரின் லாகின் லாகோடு ஒப்பிட்டால் எது உண்மையில் புழங்குகிறது என்று தெரியும். சிங்கிள் சைன்-ஆனில் ஒருவருடைய கணக்கை மூடினாலும் இந்தக் கோப்பில் இருக்கும் அவருடைய வரியை அது தொடாது. சாவி இருந்தால் போதும், சர்வர் உள்ளே விட்டுவிடும்.

இந்தக் கணக்கெடுப்பைச் செய்து முடித்தாலே எதை முதலில் வாங்குவது என்று பாதி தெளிவாகிவிடும். பொருந்தாத வரிகள் பெரும்பாலும் செயலிகளில் இருந்தால் கவர்னன்ஸ் பக்கம் போங்கள். சர்வரிலும் டேட்டாபேஸிலும் இருந்தால் உள்கட்டமைப்பு வாசல் முதலில். நூறு பேருக்குக் கீழே உள்ள நிறுவனம், அதுவும் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லையென்றால், முழு ஐஜிஏ மென்பொருள் தேவையில்லை என்றே சொல்வேன். நல்ல லாகின் சேவை, அதில் ஒழுங்கான குழுக்கள், காலாண்டுக்கு ஒரு முறை ஸ்பிரெட்ஷீட் ஆய்வு. இதைச் சரியாகச் செய்தாலே பெரிய மென்பொருள் வாங்கிப் பாதியில் விட்டவர்களைவிட நீங்கள் முன்னால் இருப்பீர்கள்.

இணைப்பான்கள்: நூற்றுக்கணக்கில் இருக்கிறது என்பார்கள்

இணைப்பான் என்பது இந்த மென்பொருளை ஒவ்வொரு செயலியோடும் பேச வைக்கும் பகுதி. விற்பனையாளரின் பக்கத்தில் செயலி லோகோக்கள் அணிவகுத்து நிற்கும். லோகோ இருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டால்தான் விஷயம் வெளிவரும். பயனர் பட்டியலைப் படிக்க மட்டும் முடியுமா? கணக்கு உருவாக்க முடியுமா? மூட முடியுமா? குழுக்களையும் உள் அனுமதிகளையும் மாற்ற முடியுமா? இந்த நான்கையும் உங்களுடைய முக்கியமான பத்து செயலிகளுக்கும் எழுத்தில் வாங்குங்கள். படிக்க மட்டும் தெரிந்த இணைப்பான் என்றால், ஆள் விலகும்போது அது ஐடி டீமுக்கு ஒரு டிக்கெட் போடும். அந்த டிக்கெட்டை யாராவது பார்த்துக் கையால் மூட வேண்டும்.

இதற்கென்று ஒரு பொதுத் தரமும் உண்டு: ஸ்கிம். அதன் 2.0 பதிப்பு 2015ல் ஆர்எஃப்சி 7643, 7644 என்ற இணையத் தர ஆவணங்களாக வெளியானது. செயலி ஸ்கிமை ஆதரித்தால், லாகின் சேவையில் ஒருவரை முடக்கியதும் செயலிக்கும் செய்தி போகும். ஆனால் பல செயலிகள் ஸ்கிமையும் சிங்கிள் சைன்-ஆனையும் மேல்மட்டத் திட்டத்தில் மட்டுமே தருகின்றன. எஸ்எஸ்ஓ வரி என்று தொழிலில் இதைக் கிண்டலாகச் சொல்வார்கள். ஆக, ஐஜிஏவின் விலையோடு, உங்கள் செயலிகளை மேல்மட்டத் திட்டத்துக்கு மாற்ற ஆகும் செலவையும் கூட்டுங்கள். சில சமயம் அந்தத் தொகை மென்பொருள் விலையையே தாண்டும்.

இன்னொரு செலவு, நிறுவி அமைக்கும் செலவு. பெரிய ஐஜிஏ மென்பொருள்களைப் பெட்டியைத் திறந்ததும் ஓட்ட முடியாது. ஆலோசனை நிறுவனம் வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்து அமைத்துத் தர வேண்டும், பிறகு அதைப் பார்த்துக்கொள்ள உங்கள் பக்கம் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு வழியில்லையென்றால் அந்த அளவு மென்பொருள் உங்களுக்கு இல்லை. உரிம விலை எதன் பேரில் என்பதையும் பாருங்கள்: பயனர் எண்ணிக்கையா, சர்வர் எண்ணிக்கையா, மாதம் உண்மையில் நுழைந்தவர்கள் மட்டுமா? தேவைக்கேற்பத் தானாகக் கூடிக் குறையும் சர்வர்கள் வைத்திருப்பவர்கள் சர்வர் கணக்கு விலையில் கையெழுத்துப் போடும் முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

சர்வர் வாசலில் இரண்டு வழிகள்

பழைய வழி பெட்டகம். சர்வரில் முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கின் கடவுச்சொல் பெட்டகத்துக்குள் இருக்கும். தேவைப்படுபவர் ஒப்புதல் பெற்று எடுப்பார், வேலை முடிந்ததும் மென்பொருள் அதை மாற்றிவிடும். பழைய விண்டோஸ் சர்வர்கள், ரவுட்டர்கள், கடவுச்சொல்லைத் தவிர வேறெதுவும் தெரியாத சாதனங்கள் நிறைய இருந்தால் இதுதான் வழி.

புதிய வழி குறுகிய ஆயுள் சான்றிதழ். காலையில் சிங்கிள் சைன்-ஆனில் நுழைந்ததும், சில மணி நேரமே செல்லுபடியாகும் சான்றிதழ் ஒன்று உங்கள் லேப்டாப்புக்கு வரும். சர்வர் தனித்தனி சாவிகளை நம்பாமல், அந்தச் சான்றிதழில் கையெழுத்திட்ட அமைப்பை மட்டும் நம்பும். ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பே தேவையில்லை. இந்த வசதி, எஸ்எஸ்எச்சுக்கான இலவச மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 2010ல் வந்த 5.4 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆகவே சில லினக்ஸ் சர்வர்கள் மட்டும் வைத்திருப்பவர்கள் எதையும் வாங்காமலே இதைச் செய்யலாம். காசு கொடுத்து வாங்குவது இதைச் சுற்றியுள்ள ஒப்புதல், செஷன் பதிவு (உள்ளே போனவர் என்ன செய்தார் என்ற ரெக்கார்டிங்), டேட்டாபேஸ், குபர்நெட்டிஸ் ஆதரவு ஆகியவற்றுக்குத்தான்.

இதில் புதியவர்கள் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. சான்றிதழ் காலாவதியானால் புதிதாக நுழைய முடியாது. ஆனால் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் டெர்மினலை வெறும் ஓப்பன்எஸ்எஸ்எச் துண்டிக்காது, அது திறந்தபடியே இருக்கும். டெலிபோர்ட்டில் காலாவதியானதும் துண்டிக்க ஒரு தனி அமைப்பு இருக்கிறது, அதை நாம்தான் இயக்க வேண்டும். எந்த மென்பொருளைப் பார்த்தாலும் இதைக் கேளுங்கள், கேட்டதோடு நிற்காமல் செய்து பாருங்கள்.

விலகியவர் சோதனை

சோதனைப் பதிப்பு கைக்கு வந்ததும் ஒரு கற்பனை ஊழியரை உருவாக்குங்கள். மூன்று வாரம் வேலை பார்த்த டெவலப்பர் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரில் உண்மையான டெவலப்பர் செய்கிற எல்லாவற்றையும் செய்யுங்கள். சர்வரில் ஒரு எஸ்எஸ்எச் செஷனைத் திறந்து அப்படியே விடுங்கள். கோடு ரெப்போவில் கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் ஒரு பெர்சனல் ஆக்சஸ் டோக்கன் எடுங்கள். கிளவுடில் நிரல்கள் நுழையப் பயன்படும் ஏபிஐ கீ ஒன்று. டேட்டாபேஸில் ஒரு செஷன். பிரவுசரில் நான்கைந்து செயலிகள் திறந்திருக்கட்டும். சர்வரில் அவர் கணக்கில் இரவு தானாக ஓடும் ஒரு கிரான் (நேரம் குறித்த) வேலையும் இருக்கட்டும்.

இப்போது எச்ஆர் பட்டியலில் அவரை விலகியவர் என்று குறித்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்.

லாகின் கணக்கு சில நிமிடங்களில் மூடிக்கொள்ளும். எச்ஆர் ஒருங்கிணைப்பு இரவில் ஒரு முறைதான் ஓடும் என்றால் மறுநாள் காலை. இந்த வித்தியாசம் டெமோவில் தெரியாது. பிரவுசரில் திறந்திருக்கும் செயலிகளைப் புதுப்பித்துப் பாருங்கள். சில உங்களை வெளியே தள்ளும், சில வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். லாகின் சேவை வாசலில் மட்டும்தான் கேட்கிறது, உள்ளே போன பிறகு செயலியின் சொந்த செஷன் தன் ஆயுள் முடியும் வரை இருக்கும். அடுத்து டோக்கனை எடுத்து ரெப்போவைக் குளோன் செய்ய முயலுங்கள். ஏபிஐ கீயால் ஒரு கட்டளை கொடுங்கள். திறந்த டெர்மினலில் ஏதாவது தட்டுங்கள். மறுநாள் காலை அந்தக் கிரான் ஓடியதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் எத்தனை நிமிடத்தில் மூடியது, எதை மூடவே இல்லை என்று எழுதி வையுங்கள். எந்த மென்பொருளும் நூற்றுக்கு நூறு வாங்காது. மூட முடியாததை அது குறைந்தபட்சம் உங்களுக்குச் சொல்கிறதா என்பது அடுத்த கேள்வி. "இவர் பெயரில் இரண்டு டோக்கன் மிச்சம் இருக்கிறது, எங்களால் தொட முடியாது" என்று சொல்லும் மென்பொருளை, எல்லாம் பச்சை என்று காட்டும் மென்பொருளைவிட நான் நம்புவேன். இரண்டு மூன்று விற்பனையாளர்களை இதே சோதனைக்கு உட்படுத்தினால், அம்சங்கள் பட்டியலை ஒப்பிடுவதைவிடச் சீக்கிரம் முடிவுக்கு வந்துவிடலாம்.

அதே கற்பனை ஊழியரை வைத்து இடமாற்றத்தையும் சோதியுங்கள். விலகுபவரைவிடத் துறை மாறுபவர் ஆபத்தானவர், ஏனென்றால் அவர்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. கொள்முதல் பிரிவிலிருந்து கணக்குப் பிரிவுக்கு மாறியவரிடம் பழைய அனுமதியும் ஒட்டிக்கொண்டிருந்தால், புதிய சப்ளையரைச் சேர்க்கவும் அந்தச் சப்ளையருக்கே பணம் அனுப்ப ஒப்புதல் தரவும் ஒரே ஆளால் முடியும்.

ஆளில்லாத கணக்குகள்

பேக்கப் எடுக்கும் கணக்கு, மென்பொருளைத் தொகுக்கும் பில்ட் சர்வரின் கணக்கு, ரிப்போர்ட் அனுப்பும் ஸ்கிரிப்ட் என்று மனிதர் அல்லாத கணக்குகள் பல இடங்களில் மனிதர்களைவிட அதிகம். இவற்றுக்கு எச்ஆர் பட்டியல் கிடையாது, விலகும் நாளும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மனித உரிமையாளரைக் குறிக்க முடியுமா, அந்த உரிமையாளர் விலகினால் யாரிடம் கைமாறும் என்று மென்பொருள் கேட்கிறதா என்று பாருங்கள்.

2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவர், உள் நெட்வொர்க்கில் கிடந்த ஒரு பவர்ஷெல் (விண்டோஸ் கட்டளை) ஸ்கிரிப்டில் பெட்டக மென்பொருளின் அட்மின் கடவுச்சொல் அப்படியே எழுதப்பட்டிருந்ததாகச் சொன்னார். பெட்டகத்தின் கடவுச்சொல் தெருவில் கிடந்தால் பெட்டகம் இருந்து என்ன பயன்?

ஆய்வு என்ற பெயரில் முத்திரை குத்துதல்

கார்டு பணப்பரிவர்த்தனை கையாளும் நிறுவனங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரத்தின் நான்காம் பதிப்பு, பயனர் அனுமதிகளைக் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆய்வு செய்யச் சொல்கிறது. 90 நாள் புழங்காத கணக்கை முடக்கவோ நீக்கவோ சொல்கிறது. விலகியவரின் அனுமதியை உடனே எடுக்கவும் சொல்கிறது. அந்தத் தரம் உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் இந்த மூன்றும் நல்ல அளவுகோல்கள்.

ஆனால் ஆய்வு நடக்கிற விதம் இருக்கிறதே! மேலாளருக்கு முன்னூறு வரிப் பட்டியல் வரும். ஒவ்வொரு வரியிலும் புரியாத குழுப் பெயர், எழுத்தும் அடிக்கோடும் எண்ணும் கலந்தது. கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு அவர் எல்லாவற்றையும் தேர்வு செய்து ஒப்புதல் பொத்தானை அழுத்துவார். ஆடிட்டர் மகிழ்வார், ஒன்றும் மாறியிருக்காது. அதனால் ஆய்வுத் திரையைத் தொழில்நுட்பம் அறியாத ஒரு மேலாளரிடம் கொடுத்து உட்கார வையுங்கள். ஒவ்வொரு அனுமதிக்கும் சாதாரண மொழியில் விளக்கம் எழுத இடமிருக்கிறதா, கடைசியாகப் பயன்படுத்திய நாள் அந்தத் திரையிலேயே தெரிகிறதா, சென்ற முறைக்குப் பின் மாறியவற்றை மட்டும் பிரித்துக் காட்டுகிறதா, எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் ஒப்புவதைத் தடுக்க முடியுமா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அவர் "இல்லை" என்று அழுத்திய அனுமதி உண்மையில் நீங்குகிறதா, அல்லது ரிப்போர்ட்டில் ஒரு சிவப்புப் புள்ளியாக நின்றுவிடுகிறதா என்பதும் முக்கியம்.

விற்பவரையும் ஆராயுங்கள்

எல்லா வாசல்களையும் ஒரே மென்பொருளிடம் ஒப்படைக்கிறீர்கள். அது உடைந்தால் எல்லாம் உடைந்தது. 2023 அக்டோபரில் ஓக்டாவின் வாடிக்கையாளர் உதவி அமைப்புக்குள் ஊடுருவல் நடந்தது, அங்கே வாடிக்கையாளர்கள் ஏற்றியிருந்த கோப்புகளில் செஷன் டோக்கன்கள் இருந்தன. 2024 டிசம்பரில் பியாண்ட்டிரஸ்ட்டின் தொலைநிலை உதவிச் சேவையின் ஒரு கீ திருடப்பட்டு, அமெரிக்கக் கருவூலத் துறையின் கணினிகள் வரை போனது. பெரிய பெயர் என்பதால் பாதுகாப்பு என்று இல்லை. ஊடுருவல் நடந்தால் எத்தனை மணி நேரத்தில் சொல்வார்கள், அவர்களுடைய உதவிப் பணியாளர் உங்கள் கணக்குக்குள் உங்கள் அனுமதியில்லாமல் வர முடியுமா என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

மென்பொருளே படுத்துவிட்டால் நீங்கள் எப்படி உள்ளே போவீர்கள்? அவசரக் கணக்குகள் குறைந்தது இரண்டு வைத்திருக்க மைக்ரோசாஃப்ட் தன் வாடிக்கையாளர்களுக்குப் பரிந்துரைக்கிறது. யாருக்கும் அது நல்ல யோசனைதான். வன்பொருள் சாவியோடு பூட்டி வைத்து, பயன்படுத்தினால் உடனே எச்சரிக்கை போகும்படி அமையுங்கள். சோதனைக் காலத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே அந்த மென்பொருளை நிறுத்திப் பாருங்கள்.

ஓப்பன் சோர்ஸ் என்று போகிறவர்கள் உரிமத்தைப் படித்துவிட்டுப் போக வேண்டும். ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் தன் மென்பொருள்களை ஓப்பன் சோர்ஸ் அல்லாத உரிமத்துக்கு மாற்றியது. டெலிபோர்ட் 2024ல், 16ஆம் பதிப்பிலிருந்து, தான் தயாரித்துத் தரும் இலவசப் பதிப்பை 100 ஊழியர்கள், ஆண்டுக்கு 1 கோடி டாலர் வருமானம் என்ற வரம்புக்குக் கீழே உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. காசு கொடுத்து வாங்கினாலும் நிறுவனமே கைமாறலாம். சைபர்ஆர்க்கைச் சுமார் 2,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகக் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் 2025ல் அறிவித்தது. கைமாறினால் விலையும் திட்டங்களும் மாறக்கூடும் என்பதால், புதுப்பிக்கும்போது விலை எவ்வளவு வரை ஏறலாம் என்ற வரம்பை முதல் ஒப்பந்தத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவும்போது

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இணைக்க ஆசை வரும். வேண்டாம். கவர்னன்ஸ் என்றால் பணம் நகரும் செயலி ஒன்று, வாடிக்கையாளர் தரவு உள்ள செயலி ஒன்று. உள்கட்டமைப்பு என்றால் நேரடிப் பயன்பாட்டில் உள்ள டேட்டாபேஸ். இவற்றில் விலகியவர் சோதனை தேறிய பிறகு அடுத்ததுக்குப் போங்கள். புதிய வாசல் திறந்ததும் பழைய வாசலை மூட ஒரு தேதி குறியுங்கள். பழைய விபிஎன்னும் ஆத்தரைஸ்டு கீஸும் அப்படியே கிடந்தால் டெவலப்பர்கள் பழக்கப்பட்ட வழியிலேயே போவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. புதிய வழி பழையதைவிட இரண்டு படி அதிகமாக இருந்தால் யாராக இருந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போவார்கள், அதனால் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் தினமும் சர்வருக்குள் போகிற ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன் கடைசியாக ஒன்று. இந்த விற்பனையாளரை விட்டு நீங்கள் விலகும் நாளில் ஒப்புதல் வரலாறும் செஷன் பதிவுகளும் எந்த வடிவில் கைக்கு வரும் என்று கேளுங்கள். செஷன் பதிவுகள் அவர்களுடைய சொந்த வடிவில் இருந்து அவர்களுடைய பிளேயரில் மட்டும் ஓடுமானால், மூன்று வருடம் கழித்து ஆடிட்டர் கேட்கும்போது உங்களிடம் திறக்க முடியாத கோப்புகள்தான் இருக்கும். பொது வடிவில் எடுத்துத் தர வேண்டும் என்ற வரியைச் சேர்த்துவிட்டு, சோதனைப் பதிப்பிலேயே ஒரு பதிவை எடுத்து வேறொரு கணினியில் ஓட்டிப் பாருங்கள்.